சூடேறியதும் தடுமாறும் பம்பு எஞ்சின்: காரணம் கண்டறிவது எப்படி?

காலையில் ஒரே இழுப்பில் கிளம்பி ஒழுங்காக ஓடும் பம்பு எஞ்சின், அரை மணி நேரம் கழித்துத் தடுமாறத் தொடங்குகிறது. ஓசை மாறுகிறது, இழுவை குறைகிறது, குழாயில் தண்ணீர் மெலிகிறது. சிறிது நேரத்தில் எஞ்சின் நின்றே விடுகிறது. எத்தனை முறை கயிற்றை இழுத்தாலும் கிளம்புவதில்லை. ஆறிய பிறகோ ஒன்றும் நடவாதது போல் மறுபடி கிளம்பிவிடுகிறது. பழைய எஞ்சின் வைத்திருக்கும் உழவர்கள் பலர் கண்டிருக்கும் தொல்லை இது. முறைத் தண்ணீர் வரும் நேரத்தில் இப்படி ஆனால், எஞ்சின் ஆறுவதற்குள் நம் முறை கழிந்துவிடும். கதிர் வரும் பருவத்தில் ஒரு நனைப்புத் தவறினாலும் இழப்பு நமக்கே.

இந்த எஞ்சினைப் பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டு சென்றால், போய்ச் சேருவதற்குள் அது ஆறிவிடுகிறது. அங்கே நன்றாகவே ஓடுகிறது. கோளாறு கண்ணில் படாததால் பிளக், கார்புரேட்டர், பிஸ்டன் ரிங் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க நேரிடுகிறது. விலை குறைந்த ஒரு கண்டென்சரோ, அடைபட்ட ஒரு சிறு துளையோ காரணமாக இருக்க, சிலிண்டரைக் கடைந்து புதுப் பிஸ்டன் போடும் அளவுக்குச் செலவு போய்விடுவதும் உண்டு.

ஆகவே முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்று. சூட்டில் வரும் கோளாறைச் சூட்டிலேயே பிடிக்க வேண்டும். எஞ்சின் தடுமாறத் தொடங்கியது முதல் நின்ற பின் இரண்டு, மூன்று நிமிடங்கள் வரை உள்ள நேரமே சோதனைக்கு உரிய நேரம். அந்த நேரத்தில் என்ன பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொண்டால், பெரும்பாலான கோளாறுகளின் இடத்தை வயலிலேயே கண்டுகொள்ளலாம்.

எந்த எஞ்சின்களுக்குப் பொருந்தும்?

பெட்ரோலில் ஓடும் எஞ்சின், பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் எஞ்சின் ஆகிய இரண்டுக்கும் இக்குறிப்புகள் பொருந்தும். இவை ஒற்றைச் சிலிண்டர் கொண்டவை. தண்ணீர் இன்றிக் காற்றினால் குளிர்பவை. பழைய எஞ்சின்களில் பிளைவீலுக்கு அடியில் காயில், பாயிண்ட், கண்டென்சர் ஆகிய மூன்றும் இருக்கும். ஆயில் எஞ்சின் என்று நாம் சொல்லும் டீசல் எஞ்சினுக்குப் பிளக்கும் கார்புரேட்டரும் கிடையா. அதற்குக் கீழே சொல்லும் குளிர்ச்சி, வால்வு பற்றிய செய்திகள் மட்டுமே பொருந்தும்.

எஞ்சின் ஓடத் தேவையானவை மூன்று: சரியான நேரத்தில் நல்ல நெருப்புப் பொறி, அளவான எரிபொருள் காற்றுக் கலவை, சிலிண்டருக்குள் போதிய அமுக்கம். இந்த மூன்றில் எது சூட்டில் கெடுகிறது என்று கண்டுபிடிப்பதே நம் வேலை.

தடுமாறும் விதத்தைக் கவனியுங்கள்

எஞ்சின் எவ்வாறு நிற்கிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும்.

1. சுவிட்சை அணைத்தது போல் சட்டென்று நின்றால், பெரும்பாலும் பொறியில் கோளாறு.

2. வேகம் ஏறுவதும் இறங்குவதுமாக ஓடி, மெல்ல மெல்ல நின்றால், எரிபொருள் சரிவர வரவில்லை.

3. ஓசை கனத்து, உள்ளே சுத்தியால் தட்டுவது போன்ற ஒலியுடன் இழுவை குறைந்தால், எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது.

4. கார்புரேட்டர் வழியாகவோ சைலன்சர் வழியாகவோ பட் பட் என்று வெடித்து இழுவை குறைந்தால், வால்வு சரியாக மூடவில்லை எனச் சந்தேகிக்கலாம். பொறி பலவீனமாக இருந்தாலும் சைலன்சரில் வெடிப்பு உண்டாகும்.

சூட்டில் செய்ய வேண்டிய நான்கு சோதனைகள்

பம்புக்கு அருகில் ஒரு நல்ல மாற்றுப் பிளக், பிளக் ஸ்பேனர், உலர்ந்த துணி, ஈரத் துணி ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு எஞ்சினை ஓட விடுங்கள். தடுமாறத் தொடங்கியதும் கீழ்க்கண்ட வரிசையில் சோதியுங்கள்.

முதல் சோதனை, டாங்கு மூடி. மூடியை மெதுவாகத் தளர்த்துங்கள். எஞ்சின் சில நொடிகளில் தேறினால் கோளாறு சூட்டில் இல்லை; மூடியில் உள்ள காற்றுத் துளையில்தான் இருக்கிறது. எரிபொருள் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். துளை புழுதியால் அடைபட்டிருந்தால் டாங்கினுள் வெற்றிடம் உண்டாகி எரிபொருள் இறங்குவது நின்றுவிடும். இதற்கு இருபது, முப்பது நிமிடம் ஆவதால் சூட்டுக் கோளாறு போலத் தோன்றும். துளையை மெல்லிய கம்பியால் சுத்தம் செய்தால் போதும். காசு செலவில்லாத இந்தச் சோதனையை எப்போதும் முதலில் செய்யுங்கள்.

இரண்டாவது சோதனை, சோக். எஞ்சின் தடுமாறிக்கொண்டே ஓடும்போது சோக்கைப் பாதி அளவு மூடுங்கள். ஓட்டம் தேறினால் எரிபொருள் குறைவாக வருகிறது, அல்லது வேண்டாத இடத்தில் காற்று நுழைகிறது என்று பொருள். ஓட்டம் இன்னும் மோசமானால் எரிபொருள் அதிகமாக வருகிறது, அல்லது பொறியில் கோளாறு என்று கொள்ளலாம்.

மூன்றாவது சோதனை, பொறி. எஞ்சின் நின்றதும் எரிபொருள் குழாயின் திருகை மூடுங்கள். பிளக் வயரைக் கழற்றி, கையில் உள்ள மாற்றுப் பிளக்கில் மாட்டுங்கள். பழைய பிளக் அதன் இடத்திலேயே இருக்கட்டும். மாற்றுப் பிளக்கின் உலோகப் பகுதி எஞ்சினின் துப்புரவான உலோகத்தில் நன்கு படும்படி, உலர்ந்த துணியால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றொருவரைக் கயிற்றை இழுக்கச் சொல்லுங்கள். கார்புரேட்டருக்கும் டாங்குக்கும் தள்ளியே பிடிக்க வேண்டும். நீல நிறத்தில் பளிச்சென்று பொறி வந்தால் காயிலும் கண்டென்சரும் நல்ல நிலையில் உள்ளன. பழைய பிளக்கை மாற்றிப் பாருங்கள். பொறி மஞ்சளாக மெலிந்து வந்தாலும், வராமலே போனாலும் மேக்னெட்டோ பகுதியில் கோளாறு.

நான்காவது சோதனை, அமுக்கம். சுவிட்சை அணைத்துவிட்டுக் கயிற்றை மெதுவாக இழுங்கள். பிஸ்டன் மேலே வரும்போது கை உணரும் எதிர்ப்பை அறிந்துகொள்ளுங்கள். எஞ்சின் முழுவதும் ஆறிய பின் அதே போல் மீண்டும் இழுங்கள். ஆறியபோது விறைப்பாகவும் சூட்டில் தளர்வாகவும் இருந்தால் வால்வையே முதலில் பார்க்க வேண்டும். இரண்டு நிலையிலும் தளர்வாக இருந்தால் ரிங் தேய்ந்திருக்கலாம், அல்லது ஹெட் பேக்கிங் கசியலாம்.

பொறி சூட்டில் கெடுவது ஏன்?

காயில் என்பது மயிரிழை போன்ற செம்புக் கம்பியைப் பல்லாயிரம் சுற்றுச் சுற்றிச் செய்தது. கம்பியின் மேல் பூசிய காப்புப் பூச்சு வருடக்கணக்கில் வெந்து விரிசல் விடும். குளிர்ந்திருக்கும்போது இந்த விரிசல் தெரியாது. சூடேறியதும் காப்பு வலுவிழந்து மின்சாரம் உள்ளுக்குள்ளேயே கசிந்துவிடும். அப்போது பொறி மெலியும், அல்லது அடியோடு நின்றுவிடும். ஆறியதும் மறுபடி வரும். இத்தகைய காயிலைப் பழுது பார்ப்பதைவிட மாற்றுவதே மேல்.

கண்டென்சரும் இப்படியே சூட்டில் கெடும். பாயிண்டுகளின் முகம் கருகிப் பள்ளம் விழுந்திருப்பது அதன் அடையாளம். பாயிண்டை மட்டும் தேய்த்துச் சரிசெய்துவிட்டுக் கெட்ட கண்டென்சரை அப்படியே விட்டால், சில நாட்களில் பாயிண்ட் மீண்டும் கருகிவிடும். இரண்டையும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

பாயிண்ட் இடைவெளியையும் பார்க்க வேண்டும். சிறு எஞ்சின்கள் பலவற்றில் இது 0.3 முதல் 0.4 மி.மீ. வரை இருக்கும். உங்கள் எஞ்சினின் கைப்புத்தகத்தில் உள்ள அளவே இறுதியானது. பாயிண்டைத் தூக்கும் கட்டை நாளடைவில் தேய்வதால் இடைவெளி குறைகிறது. இடைவெளி குறைந்தால் பொறி தாமதமாக வரும். தாமதமாகப் பற்றிய கலவை, சைலன்சர் வழியாக வெளியேறும் வரை எரிந்துகொண்டே போகும். இதனால் எஞ்சினின் திறன் குறைந்து சூடு ஏறுகிறது. சூடு ஏறினால் காயிலும் கெடுகிறது. பிளைவீலைக் கழற்ற அதற்குரிய புல்லரைப் பயன்படுத்துங்கள். சுத்தியால் அடித்தால் தண்டும் காந்தமும் கெடும்.

எரிபொருள் சூட்டில் தடைப்படுவது ஏன்?

பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி ஏறத்தாழ 40 டிகிரி செல்சியசிலேயே ஆவியாகத் தொடங்கும். எரிபொருள் குழாய் சைலன்சரை ஒட்டிச் சென்றால் குழாயினுள்ளே ஆவிக் குமிழிகள் உண்டாகி, பெட்ரோல் இறங்குவதைத் தடுத்துவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் இது அதிகம். மண்ணெண்ணெய் 150 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கத் தொடங்கும் என்பதால் அதில் இத்தொல்லை பொதுவாக இல்லை. சந்தேகம் இருந்தால் ஈரத் துணியைக் குழாயின் மீதும் கார்புரேட்டர் கிண்ணத்தின் மீதும் சுற்றுங்கள். ஒரு நிமிடத்தில் எஞ்சின் தேறினால் ஆவி அடைப்புத்தான். குழாயைச் சூடான பகுதியிலிருந்து விலக்கி அமையுங்கள்.

கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையே சூடு கடத்தாத தடித்த துண்டு ஒன்று பல எஞ்சின்களில் இருக்கும். அதை எடுத்துவிட்டு வெறும் பேக்கிங் மட்டும் வைத்து மூட்டினால் சிலிண்டரின் சூடு நேரே கார்புரேட்டருக்கு ஏறும். பழைய எஞ்சின் வாங்குவோர் இத்துண்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சோக்கை மூடியதும் எஞ்சின் தேறினால், கார்புரேட்டர் இணைப்பில் காற்று நுழைகிறதா என்றும் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது இணைப்பைச் சுற்றிலும் சில சொட்டு எஞ்சின் ஆயில் விடுங்கள். ஆயில் உள்ளே உறிஞ்சப்பட்டு ஓசை மாறினால் அங்கே கசிவு இருக்கிறது. இதற்குப் பெட்ரோலையோ மண்ணெண்ணெயையோ ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது, தீப்பற்றும்.

இப்போது கிடைக்கும் பெட்ரோல் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டில் பெட்ரோலுடன் எத்தனால் கலக்கும் அளவு 2025-ஆம் ஆண்டில் 20 சதத்தை எட்டியது. பழைய எஞ்சின்களின் ரப்பர் குழாய்களும் வளையங்களும் எத்தனாலுக்கென்று செய்யப்பட்டவை அல்ல. அவை ஊறி உப்பலாம், வெடித்துக் கசியலாம். ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்த்து மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தையும் ஈர்க்கும். எனவே பருவம் முடிந்து எஞ்சினை ஓய்வாக வைக்கும்போது டாங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிடுவது நல்லது.

வால்வும் அமுக்கமும்

வால்வுத் தண்டு சூட்டில் நீளும். அதற்கு இடம் விட்டே தண்டுக்கும் அதைத் தூக்கும் டாப்பெட்டுக்கும் இடையே சிறு இடைவெளி வைக்கிறார்கள். எஞ்சினுக்கு எஞ்சின் மாறினாலும், இது பெரும்பாலும் 0.1 முதல் 0.25 மி.மீ. வரை இருக்கும். எஞ்சின் முழுவதும் ஆறிய பின்பே இதை அளக்க வேண்டும். நாளடைவில் வால்வு தன் இருக்கையில் தேய்ந்து உள்ளே இறங்குவதால் இடைவெளி குறைகிறது. அப்போது சூடேறி நீண்ட தண்டு டாப்பெட்டில் முட்டி, வால்வை முழுவதும் மூட விடாது. அமுக்கம் கசியும், எஞ்சின் தடுமாறும். கழிவுப் புகை போகும் வால்வே அதிகச் சூடாவதால் அதில் இக்கோளாறு முதலில் தோன்றும். கவனிக்காமல் ஓட்டினால் வால்வின் விளிம்பு கருகி ஓட்டை விழும்.

வால்வு பக்கவாட்டில் அமைந்த பல சிறு எஞ்சின்களில் இடைவெளியைத் திருகிச் சரிசெய்ய வழியில்லை. தண்டின் நுனியைச் சிறிதளவு சாணை பிடிக்க வேண்டும். இது அனுபவமுள்ளவர் செய்ய வேண்டிய வேலை. ஆனால் “சூட்டில் அமுக்கம் குறைகிறது, வால்வு இடைவெளியைப் பாருங்கள்” என்று நீங்கள் சொல்லிக் கொடுத்தால், வேண்டாத பாகங்களைப் பிரிக்க வேண்டியிராது.

சூடு மிகாமல் காப்பது எப்படி?

மேற்கண்ட கோளாறுகள் பலவற்றுக்கும் வேர், எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாவதே. பிளைவீலில் உள்ள விசிறி, தகட்டு உறையின் வழியாகக் காற்றைச் செலுத்தி, சிலிண்டரைச் சுற்றியுள்ள வரித்தகடுகளைக் குளிர்விக்கிறது. வரிகளுக்கு இடையே உமி, வைக்கோல் தூசி, ஆயில் கலந்த மண் ஆகியவை அடைந்தால் காற்றுப் புகாது. வெளியில் பார்த்தால் துப்புரவாகத் தோன்றும்; உறையைக் கழற்றினால்தான் உள்ளே அடைந்திருப்பது தெரியும். பருவத்துக்கு ஒரு முறை உறையைக் கழற்றி, மரக் குச்சியாலும் தூரிகையாலும் வரிகளைச் சுத்தம் செய்யுங்கள். உறையை மறவாமல் மாட்டுங்கள். உறை இல்லாவிட்டால் காற்று நன்றாகப் படும் என்று சிலர் அதைக் கழற்றியே ஓட்டுகிறார்கள். இது தவறு. உறை இல்லாமல் விசிறிக் காற்று சிலிண்டருக்குப் போய்ச் சேராது.

சூடான சிலிண்டர் மீது தண்ணீர் ஊற்றாதீர்கள். உலோகம் திடீரெனச் சுருங்கி விரிசல் காணும். நான்கு புறமும் அடைத்த சிறு கொட்டகையில் எஞ்சினை ஓட்டினால், அது வெளிவிட்ட சூடான காற்றையே திரும்ப இழுக்கும். நிழல் வேண்டும், அடைப்பு வேண்டாம்.

மண்ணெண்ணெயில் ஓட்டுவோர் மேலும் மூன்றைக் கவனிக்க வேண்டும். முதலாவது, எஞ்சின் நன்கு சூடான பிறகே பெட்ரோலிலிருந்து மண்ணெண்ணெய்க்கு மாற்றுங்கள். அவசரப்பட்டு மாற்றினால் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் வழிந்து கீழே உள்ள ஆயிலில் கலந்துவிடும். ஆயில் மட்டம் குறையாமல் ஏறியிருந்தாலோ, மண்ணெண்ணெய் வாடை அடித்தாலோ, ஆயில் நீர்த்துவிட்டது என்று அறிந்து உடனே மாற்றுங்கள். நீர்த்த ஆயில் உராய்வைத் தடுக்காது; சூடு ஏறும். இரண்டாவது, நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பே பெட்ரோலுக்கு மாற்றிவிடுங்கள். மறுநாள் எளிதில் கிளம்பும். மூன்றாவது, மண்ணெண்ணெயில் கரி அதிகம் படியும். சுவிட்சை அணைத்த பின்னும் எஞ்சின் சில சுற்று ஓடினால், உள்ளே கரித் துணுக்குகள் கனன்று கலவையைப் பற்ற வைக்கின்றன என்று பொருள். ஹெட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்ட வேண்டிய காலம் வந்துவிட்டது.

பிளக்கின் நிறமும் நிலைமையைக் கூறும். இளம்பழுப்பு நல்லது. வெண்மையாகிக் கொப்பளித்திருந்தால் அதிகச் சூடு, அல்லது எரிபொருள் குறைவு. உலர்ந்த கரி படிந்திருந்தால் எரிபொருள் அதிகம். ஈரக் கரியாக இருந்தால் ஆயில் மேலே ஏறுகிறது. அலுமினிய ஹெட்டில் உள்ள மரை சூட்டில் எளிதில் கெடும். ஆகவே ஆறிய பிறகே பிளக்கைக் கழற்றுங்கள்.

ஒரே பார்வையில்

மூடியைத் தளர்த்தியதும் தேறினால்: மூடித் துளையைச் சுத்தம் செய்க.
ஈரத் துணி சுற்றியதும் தேறினால்: குழாயைச் சூட்டிலிருந்து விலக்குக.
சோக்கை மூடியதும் தேறினால்: ஜெட், வடிகட்டி, கார்புரேட்டர் இணைப்பு ஆகியவற்றைப் பார்க்க.
சூட்டில் பொறி இல்லை, ஆறியபின் உண்டு என்றால்: கண்டென்சர், பாயிண்ட், காயில் ஆகியவற்றைப் பார்க்க.
மாற்றுப் பிளக்கில் நல்ல பொறி வந்தால்: பிளக்கை மாற்றுக.
சூட்டில் மட்டும் அமுக்கம் குறைந்தால்: வால்வு இடைவெளியை அளக்க.
தட்டும் ஒலியுடன் இழுவை குறைந்தால்: வரித்தகடு, ஆயில், கரி, பொறி நேரம் ஆகியவற்றைப் பார்க்க.

எச்சரிக்கை

சோதனைக்காகவும் பாசனத்துக்காகவும் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கியோ, மூடிய அறையிலோ ஓட்டாதீர்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய்ப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கிணற்றுக்குள் அது தங்கிவிட்டால், இறங்கியவர் மயங்கி உயிரிழக்க நேரிடும். அவரைக் காப்பாற்ற இறங்குபவருக்கும் அதே கதிதான். சூடான எஞ்சினில் எரிபொருள் ஊற்றுவதும் ஆபத்து. சைலன்சரில் சிந்தும் பெட்ரோல் தீப்பற்றிவிடும். நிறுத்தி, ஆற விட்டு, பின் ஊற்றுங்கள்.

எஞ்சின் எத்தனை நிமிடம் ஓடி நின்றது, எப்படி நின்றது, பொறி எப்படி இருந்தது, கயிறு எப்படி இருந்தது ஆகிய நான்கையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். நீங்களே சரிசெய்ய முடியாத பழுதாக இருந்தாலும், அந்தத் தாளுடன் கடைக்குப் போனால், தேவையான பாகத்தை மட்டும் மாற்றிக்கொண்டு அடுத்த முறைத் தண்ணீருக்குள் எஞ்சினுடன் வயலுக்குத் திரும்பலாம்.